வாத்தியார் கேட்ட கேள்வி

அன்பு மகளுக்கு,

இராயபுரத்திலிருந்து அப்பா எழுதுகிறேன். தினமும் ஒரு மணி நேரம் ஜிம்மில் ஓடியும் மனம் அடங்கவில்லை என்று நேற்று இரவு சொன்னாய். காதில் பாட்டும் எதிரே டிவியும் கையில் அடிகளை எண்ணும் வாட்சுமாக ஓடுகிறாய் என்று அறிந்தபோது, உடம்பு மட்டும்தான் அங்கே ஓடியிருக்கிறது, நீ அங்கே இல்லை என்று எனக்குத் தோன்றியது.

எனக்கு 17 வயதில் குத்துச்சண்டை கற்றுக்கொடுத்த வாத்தியார், முதல் இரண்டு மாதங்கள் கையுறையைத் தொடவே விடவில்லை. மூன்று நிமிடம் கயிறு தாண்ட வேண்டும், ஒரு நிமிடம் ஓய வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் யாரையும் பேச விடாமல், "இப்ப மூச்சு எங்க இருக்கு?" என்று கேட்பார். நெஞ்சின் மேலேயே நின்று தவிக்கிறதா, வயிறு வரை இறங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பித்தேன். நாள் செல்லச் செல்ல, தோள் காது வரை ஏறியிருப்பதும், பல் கடித்திருப்பதும், ஒரு குதிகால் மட்டும் அதிகமாக அழுந்துவதும் தாமாகவே தெரியத் தொடங்கின. குத்தும்போது மூச்சை அடக்குகிறவனுக்கு இரண்டாவது ரவுண்டிலேயே கை கனத்துவிடும் என்பதையும் அப்படித்தான் அறிந்தேன்.

மூச்சை நீட்டி வெளியே விடும்போது வேகஸ் என்னும் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. 1979இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-ஜின் என்பவர் மன அழுத்தத்தைக் குறைக்கத் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியிலும், எளிய ஆசனங்களோடு, உடலை ஒவ்வொரு பகுதியாகக் கவனித்துச் செல்லும் பயிற்சி உண்டு. அதைப் படித்தபோது வாத்தியாரை நினைத்து என் கண் கலங்கியது.

பத்தாம் வகுப்பில் நீ சொல்லாமல் கொள்ளாமல் இரவு வெகு நேரம் கழித்து வந்தாயே, அன்று நான் ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போனது உனக்கு நினைவிருக்கலாம். உன்மேல் கை ஓங்குவதற்கு முன் என் விரல்கள் மடங்கி இறுகியதை நான் கண்டுகொண்டேன். மூச்சு மேலேயே நின்றிருந்தது. காசிமேடு வரை நடந்து, மூச்சு வயிற்றுக்கு இறங்கிய பிறகுதான் திரும்பினேன். கோபம் மனத்துக்கு வருமுன் உடம்புக்கு வந்துவிடுகிறது என்பதை அன்று நான் உணர்ந்தேன், மகளே.

இப்போது முழங்கால் கயிறு தாண்ட விடுவதில்லை. விடியற்காலையில் கடலோரக் கற்களை ஒட்டி நடக்கிறேன். கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலிலும் பாதம் தரையில் படுவதைக் கவனிக்க முடிகிறது.

நீயும் முதல் பத்து நிமிடம் மட்டுமாவது பாட்டில்லாமல் ஓடு. பிறகு ஒரு நிமிடம் நின்று வாத்தியாரின் கேள்வியை உன்னிடமே கேள். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, மூச்சு எங்கே இருந்தது என்று எனக்குச் சொல்.

அன்புடன்,
அப்பா