'வேண்டுமென்றே' என்ற சொல் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏ பற்றிய செய்திகளில் 'ஃப்ளேக்ரன்ட் ஃபவுல்' (கடுமையான மோதல் விதிமீறல்) என்பதை 'வேண்டுமென்றே இழைத்த தவறு' என்று எழுதுகிறார்கள். அது சரியல்ல. கடைசி நிமிடங்களில் கடிகாரத்தை நிறுத்துவதற்காக வேண்டுமென்றே கையைப் பிடிக்கிறார்களே, அது பெரும்பாலும் சாதாரண ஃபவுல்தான்.

ஆட்டக்காரர் மனதில் என்ன இருந்தது என்று நடுவர் ஆராய்வதில்லை, மோதலைத்தான் எடைபோடுகிறார். மோதல் தேவையற்றது என்றால் ஃப்ளேக்ரன்ட் 1. தேவையற்றதோடு அளவும் மீறியது என்றால் ஃப்ளேக்ரன்ட் 2. இரண்டுக்குமே எதிரணிக்கு 2 ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு), அதன்பின் பந்தும் அவர்களுக்கே. ஃப்ளேக்ரன்ட் 2 வாங்கியவர் வெளியே போகவேண்டும். ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை ஃப்ளேக்ரன்ட் 1 வாங்கினாலும் அப்படியே. கையை ஓங்கிக்கொண்டு வந்தாரா, அடித்த கை நிற்காமல் தொடர்ந்து போனதா, பந்துக்குத்தான் போனாரா, தலையில் பட்டதா, அந்தரத்தில் இருந்தவரைச் சாய்த்தாரா... வீடியோவை மெதுவாக ஓட்டித் தேடுவது இவற்றைத்தான். பார்த்தபின் 1 என்பது 2 ஆகலாம். 2 என்பது சாதாரண ஃபவுலாகவும் இறங்கலாம். குத்து மட்டும் தனிக் கணக்கு. வீசினாலே வெளியேற்றம், பட்டதா இல்லையா என்ற கேள்வியே கிடையாது.

கைகலப்பில் என்பிஏ விதி இன்னும் கறார். 2007 மே மாதம், ஃபீனிக்ஸ் சன்ஸ் - சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் தொடரின் 4ஆவது ஆட்டத்தில் ஸ்பர்ஸின் ராபர்ட் ஹோரி, சன்ஸின் ஸ்டீவ் நாஷை களத்தோர ஸ்கோர் மேசை மீது இடித்துத் தள்ளினார். ஹோரிக்கு 2 ஆட்டத் தடை. யாரையும் அடிக்காத சன்ஸ் ஆட்டக்காரர்கள் அமாரே ஸ்டவுடமையருக்கும் போரிஸ் டியாவுக்கும் தலா 1 ஆட்டம்! பெஞ்சிலிருந்து (மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் இடம்) எழுந்து களத்தை நோக்கி வந்ததுதான் குற்றம். அடுத்த ஆட்டத்தில் சன்ஸ் 85-88 என்று தோற்றது. அநியாயம் என்று இன்றும் புலம்புவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. களத்தில் நிற்கும் 10 பேரைக் கவனிக்க இருப்பதே 3 நடுவர்கள். பெஞ்சும் சேர்ந்து ஓடிவந்தால், விலக்கிவிட வருபவர் யார், அடிக்க வருபவர் யார் என்று எப்படிப் பிரிப்பது?

நம்மூர்ப் போட்டிகள் நடப்பது சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி. அதில் 'ஃப்ளேக்ரன்ட்' என்ற சொல்லே இல்லை. 'அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக்' (விளையாட்டுப் பண்புக்கு மாறானது), 'டிஸ்குவாலிஃபையிங்' (தகுதிநீக்கத்துக்குரியது) என்பவைதாம் உண்டு. சண்டையை அடக்க உதவுவதற்குத் தலைமைப் பயிற்சியாளரும் முதல் உதவிப் பயிற்சியாளரும் உள்ளே வரலாம். பெஞ்சில் இருக்கும் ஆட்டக்காரர்கள் வந்தால் தகுதிநீக்கம். 2018 ஜூலையில் பிலிப்பைன்ஸ் - ஆஸ்திரேலியா ஆட்டத்தில் 13 பேர் ஒரே மோதலில் வெளியேற்றப்பட்டார்கள். மிஞ்சியவர்களும் ஃபவுல் வரம்பை எட்டி வெளியேறிக் குறைய, பிலிப்பைன்ஸ் பக்கம் ஒரே ஒருவர்தான் நின்றார். ஓர் அணிக்குக் குறைந்தது 2 பேர் வேண்டும் என்பதால், ஆஸ்திரேலியா 89-53 என்று முன்னிலையில் இருந்தபோது மூன்றாவது குவார்ட்டரிலேயே ஆட்டம் முடிக்கப்பட்டது.

- கூடைப்பந்து நடுவர், கோயம்புத்தூர்