நோட்டீஸில் பழைய குழுவின் பெயர் வேண்டாம்

காவிரிக் கரை ஊர்களில் ஆடிப்பெருக்குக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் இசை நிகழ்ச்சி ஏற்பாடு செய்யும் விழாக் குழுவினருக்கு வணக்கம்.

ராக் குழு ஒன்றில் சில ஆண்டுகள் பாடிவிட்டு விலகி, தன் முதல் தனி ஆல்பத்தை வெளியிட்டிருந்த இளைஞர் ஒருவர், சென்ற ஆண்டு கும்பகோணத்துக்கு அருகே ஓர் ஊரில் மேடையேறினார். நோட்டீஸில் பழைய குழுவின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதை அடுத்து 'புகழ்' என்றொரு சொல். அதற்கும் கீழே பொடி எழுத்தில் அவர் பெயர். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் துண்டுச் சீட்டுகள் மேடையை நோக்கிப் புறப்பட்டுவிட்டன. அவற்றில் ஒன்று என் கை வழியாகத்தான் போனது. நான்காக மடித்த அந்தத் தாளின் ஓரத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. உள்ளே பழைய குழுவின் பாட்டு ஒன்றின் முதலடியும், "இதை மட்டும் பாடினால் போதும்" என்ற குறிப்பும். அதை முன்வரிசைக்குக் கடத்தியவன் நான்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். புதிய ஆல்பத்தின் எட்டுப் பாடல்களில் மூன்றைத்தான் அன்று அவரால் பாட முடிந்தது.

இங்கிலாந்தின் ஜெனிசிஸ் என்ற ராக் குழுவிலிருந்து அதன் பாடகர் பீட்டர் கேப்ரியல் 1975-இல் விலகியபோது, காரணத்தைப் பத்திரிகைகளுக்குக் கடிதமாக எழுதினார். பாட்டு எழுதுவதற்காக நாங்கள் சேர்ந்து கட்டிய வண்டியே எங்களுக்கு எஜமானாகிவிட்டது என்பது அதில் ஒரு கருத்து. தேர் ஓடும்போது முட்டுக்கட்டை போடுகிறவரின் பதற்றத்தைப் பார்த்திருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1977-இல் வந்த அவருடைய முதல் தனி ஆல்பத்துக்குத் தலைப்பே கிடையாது. அவர் பெயர்தான் தலைப்பு. உறைப்படத்தில் நீர்த்துளிகள் படிந்த கார் ஒன்று இருப்பதால், ரசிகர்கள் அதை 'கார்' என்றே சொல்லிக்கொள்கிறார்கள். பாத் நகருக்கு அருகிலுள்ள சால்ஸ்பரி குன்றை வைத்து அவர் குழுவை விட்டு வந்ததைச் சொல்லும் பாடல் அந்த ஆல்பத்தில்தான் இருக்கிறது. அந்தப் பாடலின் பெரும்பகுதி ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது. நான்கு நான்காகத் தட்டிப் பழகிய ராக் ரசிகருக்கு அங்கே கால் இடறும். தவிலில் அதே ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு கேட்டு வளர்ந்த நம் ஊர்ப் பெரியவர் ஒருவர், மொழி புரியாவிட்டாலும், தொடையில் தாளம் போட்டபடியே தொடர்ந்து போய்விடுவார்.

அவர் போனதால் குழுவும் படுத்துவிடவில்லை. டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த ஃபில் காலின்ஸ் முன்னால் வந்து பாட, 1976-இலேயே அடுத்த ஆல்பம் வெளிவந்தது. தவில்காரர் நாயனத்தைக் கையில் வாங்கிக்கொண்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பெயர் இல்லாவிட்டால் கூட்டம் சேராது, நன்கொடை கொடுத்தவர்கள் கேள்வி கேட்பார்கள் என்ற உங்கள் கவலை நியாயமானதே. பழைய பாட்டு ஒன்றிரண்டைக் கடைசியில் பாட முடியுமா என்று பாட வருகிறவரிடமே முன்கூட்டிக் கேளுங்கள். அவர் மறுத்தால் விட்டுவிடுங்கள். ஜோடி பிரிந்து தனியாக வாசிக்க வந்த நாயனக்காரரிடம், "தம்பி வரலையா?" என்று கேட்டுக் கேட்டே அவரை நோகடித்த ஊர்கள்தானே நம்முடையவை.

இந்த ஆடிப்பெருக்குக்கு உங்களில் ஓர் ஊரார் சென்ற ஆண்டு பாடிய அந்த இளைஞரைப் பேசி முடித்திருப்பதாகவும், நோட்டீஸ் இன்னும் புரூஃப் நிலையில் இருப்பதாகவும் கேள்விப்பட்டேன். மேல் வரியை எடுத்துவிட்டு, அதே கொட்டை எழுத்தில் அவர் பெயரைப் போடச் சொல்லுங்கள். துண்டுச் சீட்டு ஏதும் இம்முறை என் கைக்கு வந்தால், அது என் சட்டைப்பையைத் தாண்டாது.

இப்படிக்கு,
கும்பகோணத்து ரசிகன் ஒருவன்