மாயூரத்து முன்சீப்பின் பாட்டும் நம் ஊரணியும்: 2025–26 ஆண்டறிக்கை

தலைவர் அண்ணன் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இந்த வெயிலிலும் வந்திருக்கிற ஆச்சிமார்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை நம் பாட்டு மன்றம் செய்த வேலைகளை வாசிக்கிறேன். எப்போதும் வெள்ளிக்கிழமைப் பாட்டு, மார்கழி வீதிப் பாட்டு, பொங்கலுக்குப் பிள்ளைகளுக்குப் பரிசு என்று இரண்டு பக்கத்தில் முடித்துவிடுவேன். அதெல்லாம் இந்த வருஷமும் குறைவில்லாமல் நடந்தது. ஆனால் ஒரே மனிதரைச் சுற்றித்தான் நம் வருஷம் போயிருக்கிறது, அதைச் சொல்லக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 2026 அக்டோபர் 11-ஆம் தேதியோடு அவர் பிறந்து 200 வருஷம் ஆகிறது. தமிழின் முதல் நாவல் 'பிரதாப முதலியார் சரித்திரம்', 1879 என்று ஒரு மார்க்குக்குப் படித்து அதோடு விட்டவர்கள்தான் நாம் எல்லோரும், நானும்தான். ஆடி மாதம் மேலத்தெரு ஆச்சி ஒருவர் தன் வீட்டு மரப்பெட்டியிலிருந்து அட்டை போன ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது, சில பாட்டுகளுக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் ராகம் குறித்திருந்தார்கள். “எங்க ஆயா இதைப் பாத்துத்தான் பாடுவாக” என்றார் ஆச்சி.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைகளில் பாட்டுக்கு முன்னால் அரைமணி நேரம் அவருடைய வாழ்க்கையைப் பேசினோம். திருச்சிராப்பள்ளிப் பக்கம் குளத்தூரில் 1826-இல் பிறந்தவர். நீதிமன்றத்தில் சாதாரண வேலையில் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராகி, தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் (மாயவரம், இப்போதைய மயிலாடுதுறை) என்று முன்சீப்பாக, அதாவது கீழ்க்கோர்ட்டு நீதிபதியாக இருந்தார், மாயூரத்தில் மட்டும் 13 வருஷம். 1805 முதல் 1861 வரை ஆங்கிலத்தில் கிடந்த தீர்ப்புகளை 'சித்தாந்த சங்கிரகம்' என்று தமிழில் கொண்டுவந்தார். வழக்காட வருகிற குடியானவனுக்குத் தன் வழக்கு தன் பாஷையில் புரிய வேண்டாமா? அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டே கைக்கூலி வாங்கும் அதிகாரிகளைக் கண்டித்து எழுதியிருக்கிறார். பெண்கள் படிக்க வேண்டும் என்று எழுதினார். மாயூரம் நகராட்சித் தலைவராகவும் இருந்தார்.

கத்தோலிக்கர். ஆனால் கீர்த்தனைகளில் எந்த ஒரு சமயத்துக் கடவுளின் பெயரையும் பிடித்துக்கொள்ளவில்லை, 'ஐயா' என்று பொதுவாகவே கூப்பிடுகிறார். நம் மன்றத்தில் கோவிலுக்குப் போகிறவர்களும் மாதா கோவிலுக்குப் போகிறவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்து பாடுகிறோம், நமக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு ஏது? கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1940-களில் தமிழிசைக்கு முன்னால் நின்றதை நம் பக்கத்தில் பெருமையாகச் சொல்வோம். அதற்கு அறுபது வருஷத்துக்கும் முன்னால் இந்த முன்சீப் தமிழில் கீர்த்தனைகள் எழுதி வைத்துவிட்டார்.

தாது வருஷப் பஞ்சம் வந்தது, 1876 முதல் 1878 வரை. அவர் கஞ்சித் தொட்டி வைத்தார், தன் சொத்தையே பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்குக் கொடுத்தார். அதைப் பார்த்துத்தான் நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் 'நீயே புருஷ மேரு' என்று அவரைப் பாடினார். 'பஞ்சம் தீர் ஐயா' என்று வேதநாயகம் பிள்ளை பாடியதைப் படிக்கும்போது இதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். கஞ்சி ஊற்றிய கை எழுதிய பாட்டு அது.

போன வருஷம் அக்டோபர் 11, அவருடைய பிறந்தநாள் விழாவுக்குப் பேசி வைத்திருந்த மண்டபத்தார் முதல் நாள் சாயங்காலம் கைவிரித்துவிட்டார்கள். ரொம்ப வருத்தமாக இருந்தது, அழைப்பிதழ் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. புத்தகம் கொடுத்த அந்த ஆச்சிதான் தன் வீட்டு வளவை, உள்முற்றத்தைத் திறந்துவிட்டார். 'பஞ்சம் தீர் ஐயா' எடுத்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வளவைச் சுற்றி ஓட்டுச் சரிவிலிருந்து தண்ணீர் இறங்க, ஆச்சி பாட்டை நிறுத்தாமலே எழுந்து போய், மூலையில் இருந்த பித்தளை அண்டாவைத் தாரைக்கு நேராக நகர்த்தி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து அடுத்த அடியைப் பாடினார். மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்துக் குடித்து வளர்ந்த ஊர் நம்முடையது, அந்தப் பாட்டு இங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கு ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: “அவர் பாட்டும் எழுதி, நகராட்சியையும் பாத்தாரு, நாம பாட மட்டும் செய்றோமே?” பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த செயற்குழுவில் அதையே பேசி, ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைச் சுத்தம் செய்வதென்று முடிவானது. மாசி மாதம் நான்கு ஞாயிற்றுக்கிழமை சீமைக்கருவையை வெட்டி, பிளாஸ்டிக்கை அள்ளி, மேல்பாதியை முடித்திருக்கிறோம். பாட்டு மன்றத்துக்கு இது எதற்கு என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். என் மனசுக்கு, இந்த வருஷம் நாம் செய்த நல்ல வேலை இதுதான்.

முப்பது வருஷமாக ஆர்மோனியம் வாசித்த நம் ஐயா தை மாதம் தவறிவிட்டார்கள். அவர்கள் உட்காரும் இடத்தில் இன்னும் யாரும் உட்காரவில்லை. எழுந்து நின்று ஒரு நிமிஷம் அவர்களை நினைத்துக்கொள்வோம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அக்டோபரில் பிள்ளைகளை வேன் வைத்து மாயவரம் கூட்டிப் போக விருப்பம், ஒப்புதல் கொடுங்கள். ஆச்சியின் புத்தகத்தை மூன்று படி நகல் எடுத்து வைத்திருக்கிறேன், பாட்டு எழுதிக்கொள்ள வேண்டியவர்கள் வாங்கிப் போகலாம். வரத்துக்காலில் கீழ்ப்பாதி பாக்கி இருக்கிறது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு, வெயிலுக்கு முன்னால், மண்வெட்டி இருப்பவர்கள் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்