மாப்ள, காக்ஸ் பஜார்லருந்து எழுதுறேன்

மாப்ள,

எப்படி இருக்க? பாப்பா ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சுட்டாளாமே, தங்கச்சி போட்டோ அனுப்பியிருந்துச்சு, பாத்து ரொம்ப சந்தோஷமாயிட்டேன். நான் இன்னும் பங்களாதேஷ்ல, இந்த குட்டுப்பாலாங் அகதி கேம்ப்ல லேப் வேலைதான் பாக்குறேன்.

2017 ஆகஸ்ட்லருந்து மியான்மர்ல இருந்து 7 லட்சத்துக்கு மேல ரோஹிங்யா மக்கள் இங்க ஓடி வந்தாங்கள்ல, அப்ப காலரா வந்துடக் கூடாதுன்னு அக்டோபர்லயே 9 லட்சம் டோஸ் சொட்டு மருந்து கொண்டுவந்து கொடுத்தாங்க, அந்த வருஷக் கடைசியில டிப்தீரியா பரவுனப்பவும் எல்லாரும் ஓடி வந்து பாத்தாங்க. அதெல்லாம் பெரிய வேலைடா, இல்லன்னு சொல்லல. ஆனா இத்தன வருஷம் கழிச்சு இங்க ஆள அரிக்கிறது சத்தமே போடாத நோய்.

2023-ல எடுத்த ஆய்வுல கேம்ப்ல இருக்க பெரியவங்கள்ல கிட்டத்தட்ட 5-ல ஒருத்தருக்கு ஹெபடைடிஸ் சி, அதான் ஈரல அரிக்கிற வைரஸ், ஆக்டிவா இருக்குன்னு தெரிஞ்சுது. ஒரே ஊசிய பல பேருக்குப் போட்ட வைத்தியம்தான் முக்கியமான காரணமா இருக்கும்னு சொல்றாங்க. விரல்ல குத்தி டெஸ்ட் கிட்ல ஒரு சொட்டு ரத்தம் வெச்சா, வைரஸ் தொத்தியிருந்தா கொஞ்ச நேரத்துல ரெண்டாவது கோடு வந்துடுது, அப்புறம் ஜீன்எக்ஸ்பெர்ட் மெஷின்ல போட்டு வைரஸ் இன்னும் இருக்கான்னு உறுதி பண்ணணும். போன வாரம் ஒரு அம்மாவுக்கு அப்படி வந்துச்சு, உடம்புல ஒரு தொந்தரவும் இல்ல, கைக்குழந்தையோட நின்னுக்கிட்டு மாத்திரை எப்ப தருவீங்கன்னு கேக்குறாங்க, பேர் எழுதியிருக்கு காத்திருங்கன்னு சொல்லத்தான் முடிஞ்சுது.

சோபோஸ்புவிர், டக்லடாஸ்விர்னு ரெண்டு மாத்திரையும் 12 வாரம் போட்டா 100-ல 95 பேருக்கு மேல குணமாயிடுது, நம்ம நாட்டு கம்பெனிங்களே மலிவா பண்றாங்க. இருந்தும் கேம்ப்ல எல்லாருக்கும் கொடுக்குற அளவுக்கு வசதி கிடையாது, வெளிய போய் வாங்கலாம்னா சுத்தி வேலி, பர்மிஷன் இல்லாம போக முடியாது, வேலைக்குப் போகவும் சட்டப்படி வழியில்ல. 2025-ல அமெரிக்கா உதவிப் பணத்த வெட்டுனதும் இருந்த கிளினிக்லயும் சிலது சுருங்கிப் போச்சு. குணமாக்குற மருந்து இருக்குறப்ப ஈரல் சுருங்கட்டும்னு ஆள உக்கார வைக்கிறத என்னால ஏத்துக்கவே முடியல மாப்ள.

நீ ஜிஎச்ல இதே மாத்திரைய ஃப்ரீயா கொடுக்குற ப்ரோக்ராம்லதான இருக்க, கோர்ஸ் முடிச்சு 12 வாரம் கழிச்சு, வைரஸ் போயிடுச்சான்னு பாக்குற கடைசி டெஸ்ட்டுக்கு ஆளுங்கள எப்படி வரவைக்கிறீங்க? இங்க குடிசை மாறிப் போயிட்டா தேடிப் பிடிக்கிறதே கஷ்டமா இருக்கு. உங்க ரெஜிஸ்டர்ல பேரெல்லாம் மறைச்சுட்டு ஒரு பக்கம் போட்டோ எடுத்து அனுப்புடா, எங்க டீம்ல காட்டணும்.