பெயின்ட் காசும் பதியாத ஒப்பந்தமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

குடித்தனக்காரர் காலி செய்யும்போது ‘பெயின்ட் காசு’ என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது நம் ஊர்களில் எழுதாத சட்டம். ஒன்றிரண்டு போர்ஷன் மட்டும் வாடகைக்கு விட்டிருக்கும் உரிமையாளர்கள் இதைத் தங்கள் உரிமை என்றே நம்புகிறார்கள். 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 22.02.2019 முதல் நடப்பில் இருக்கும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதன் இரண்டாம் அட்டவணைப்படி வெள்ளையடிப்பதும், கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் உரிமையாளர் வேலை. பிடித்தம் செய்ய வேண்டுமானால் ஒப்பந்தத்தில் அதைத் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

எழுதினால் மட்டும் போதாது, பதியவும் வேண்டும். பதினோரு மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு தேவையில்லை என்று இன்றும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற பழைய விதியிலிருந்து வந்த பழக்கம் அது. புதிய சட்டமோ, நகர்ப்புறங்களில் எத்தனை மாதத்துக்கானாலும் ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதியச் சொல்கிறது. அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் இரு தரப்பு அடையாளச் சான்றுகளையும் ஒப்பந்த நகலையும் ஏற்றினால் பதிவு எண் கிடைக்கும். பதியாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்கிறது பிரிவு 4-ஏ. அதில் எழுதிய பெயின்ட் நிபந்தனை, நோட்டீஸ் காலம் எல்லாம் தகராறு வரும் நாளில் கைகொடுக்காது.

ரிப்பேர் சண்டைகளில் பாதிக்கு மேல் அந்த அட்டவணையைப் படித்தாலே தீர்ந்துவிடும். குழாய், வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், கீசர், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. கட்டடத்தின் பழுது, தண்ணீர் பைப் மாற்றுவது, வயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு.

இதில் வயரிங்தான் உயிர் சம்பந்தப்பட்டது. கீசர் குடித்தனக்காரருடையதாகவே இருக்கலாம். ஆனால் அந்த பிளக் பாயின்ட்டுக்கு எர்த் வராமல் ஷாக் அடித்தால் கேள்வி உரிமையாளரிடம்தான் வரும். வீடு கைமாறும் ஒவ்வொரு முறையும் மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்று பாருங்கள். அதன் ‘டெஸ்ட்’ பட்டனை அழுத்தினால் உடனே ட்ரிப் ஆக வேண்டும். ஆகாவிட்டால் மாற்றிவிடுங்கள். ட்ரிப் ஆனால் எர்த்தும் சரி என்று நினைத்துவிட வேண்டாம். அந்தப் பட்டன் கருவியை மட்டுமே சோதிக்கிறது. பாத்ரூம், சமையலறை, மோட்டார் மூன்றிலும் எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். பார்த்த தேதியோடு அவரிடம் ஒரு ரசீதும் வாங்கி வைப்பது நல்லது.

அடுத்தது கரண்ட் பில். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பதால், நடுவில் காலி செய்பவரின் கடைசி யூனிட்டுகள் எந்த பில்லிலும் தெரியாது. சாவி வாங்கும் அன்றே மீட்டரைப் போட்டோ எடுத்துக் கணக்குப் பார்த்துவிட வேண்டும். வீட்டு இணைப்பில் மெஸ்ஸோ கடையோ நடந்தால் சங்கதி இன்னும் பெரிது. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-இன்படி, பொருந்தும் கட்டணத்தைப் போல் இரு மடங்கு விதிக்கலாம். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் முந்தைய 12 மாதங்களுக்கு. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் அலைச்சல். தொழில் நடத்தச் சம்மதம் என்றால் முதலிலேயே கட்டண வகையை மாற்றிவிடுங்கள். சம்மதம் இல்லை என்றால் அதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவே கூடாது. 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் பிரிவு 20 அதைத் தடுக்கிறது. பாக்கிக்கு வழி, பிரிவு 21-இன்கீழ் மனு கொடுப்பது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. பிடித்ததற்கெல்லாம் பில் வைத்திருங்கள்.

ஸ்டாம்ப் பேப்பரோடு விற்கும் அச்சுப் படிவங்களில் இந்த அட்டவணை இல்லை. பதிவு பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. இரண்டையும் சேர்த்து எளிய தமிழில் மாதிரி ஒப்பந்தம் ஒன்றை அரசு வெளியிட்டு, இ-சேவை மையங்களில் கிடைக்கச் செய்ய வேண்டும். பதிவையும் அங்கேயே முடித்துத் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி