வீட்டை ஈடு வைத்தவர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள்

பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து தெரிவான ஆறு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

வீட்டை வங்கிக்கு ஈடு வைத்துக் கடன் எடுத்து, 2022க்குப் பிறகு தவணை கட்ட முடியாமல் தவிக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். கடனைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று கேட்கவில்லை. வாங்கிய காசைத் திருப்பிக் கட்டத்தான் வேண்டும். வங்கியில் கிடப்பது யாரோ ஓர் ஓய்வூதியர் போட்டு வைத்த காசு என்பதும் எங்களுக்குத் தெரியும். வங்கித் தலைவர்களை உங்கள் குழுவுக்கு முன் அழையுங்கள், ஈடு வைத்தவர்களை அவர்கள் எப்படி நடத்தினார்கள் என்று விசாரியுங்கள், அந்த விசாரணையில் ஓர் அமர்வையாவது யாழ்ப்பாணத்தில் தமிழில் வையுங்கள். இதுதான் என் வேண்டுகோள்.

உங்களிடம் கேட்பதற்குக் காரணம், வீட்டை ஏலம் போடும் அதிகாரத்தை வங்கிகளுக்குக் கொடுத்ததே பாராளுமன்றம் என்பதுதான். ஊரில் பராட்டே சட்டம் என்று சொல்கிறோமே, 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், அதன்படி வங்கி வழக்குப் போடத் தேவையில்லை. பணிப்பாளர் சபை கூடித் தீர்மானம் எடுத்தால் போதும். வர்த்தமானியிலும் நாளிதழ்களிலும் அறிவித்தல் வரும், பிறகு ஏலம். கேட்க ஆள் வராவிட்டால் வங்கியே வாங்கிக்கொள்ளலாம். விற்பனைச் சான்றிதழ் எழுதி முடிந்ததும், எல்லாம் சட்டப்படிதான் நடந்தது என்பதற்கு அந்தச் சான்றிதழே முடிவான அத்தாட்சி. கடனாளி தானாகச் செலவழித்துத் தடையுத்தரவு கேட்டுப் போனாலொழிய, நீதிமன்றம் இதில் தலைகாட்டுவது வாங்கியவருக்கு வீட்டின் உடைமையை எடுத்துக் கொடுக்கும் கட்டத்தில்தான். கைமாற்றாகக் காசு கொடுத்த ஒரு சாதாரண மனிதருக்கு இந்த வசதி கிடையாது. அவர் வழக்காடித்தான் வாங்க வேண்டும். வங்கிக்கு மட்டும் வழக்காளியும் தானே, தீர்ப்புச் சொல்பவரும் தானே. இப்படிப்பட்ட அதிகாரத்தைக் கொடுத்த சபை, அது எப்படிப் பாவிக்கப்படுகிறது என்று கணக்குக் கேட்காமல் இருக்க முடியாது.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் சனசமூக நிலையத்துக்குப் பின்னேரங்களில் பத்திரிகை பார்க்க வருபவர்கள், வங்கிக் கடிதங்களை வாசித்துச் சொல்லும்படி என்னிடம் தருவார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கும். தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. ஆனாலும் தமிழில் பேசி, தமிழில் கையெழுத்து வைத்த ஒரு தாய்க்கு, வீடு போகப்போகிறது என்ற செய்தி அவருக்கு விளங்காத மொழியில் வருகிறது. கையெழுத்து வைத்த அன்று ஈட்டுறுதியை யாராவது வாசித்துக் காட்டினார்களா என்று கேட்டால், "இஞ்ச வையுங்கோ, இஞ்சயும் வையுங்கோ எண்டு விரலால காட்டினவை, வைச்சன்" என்பதுதான் பதில். வட்டி வீதத்தை வங்கி தன் விருப்பப்படி மாற்றலாம் என்ற வரி அந்தப் பக்கங்களுக்குள் எங்கோ இருந்திருக்கிறது.

அந்த ஒரு வரியால் என்ன நடந்தது என்று பாருங்கள். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் துணைநில் கடன்வழங்கல் வசதி வீதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் குறுகிய காலக் கடன் கொடுக்கும் வட்டியை, 7.50 வீதத்திலிருந்து 14.50 வீதத்துக்கு ஒரே அடியாக உயர்த்தியது. 2023 மார்ச்சில் அது 16.50 ஆனது. நாடு வங்குரோத்தில் நின்றது, விலைவாசியை அடக்க வேறு வழியில்லை என்றார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் அது எப்படி வந்தது? 80 இலட்சம் ரூபாவை 15 வருடத்துக்கு 12 வீத வட்டியில் எடுத்தவர் மாதம் சுமார் 96,000 கட்டுவார். அதே கடன் 24 வீதமானால் மாதம் ஏறக்குறைய 165,000. சம்பளம் ஏறவில்லை. சீமெந்தும் கம்பியும் எட்டாத விலைக்குப் போய், பாதியில் நின்ற வீடுகளும் உண்டு. ஒரு தவணை தப்பினால் தண்ட வட்டி. கட்டும் காசு முதலில் தண்டத்துக்கும் பிறகு வட்டிக்கும் போக, கடனின் முதல் அப்படியே நிற்கும். ஒரு குடும்பம் காட்டிய வங்கிக் கணக்குக் கூற்றில், இரண்டு வருடமாகக் கட்டியும் முதல் குறையவே இல்லை. அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாங்கள் கட்டினது எங்க போனது, ரீச்சர்?" என்று அந்த வீட்டுப் பிள்ளை கேட்டபோது, கணக்கை விளக்க முடிந்த எனக்கு நியாயத்தை விளக்க முடியவில்லை.

வட்டி இறங்கத் தொடங்கிய பிறகும் பல வங்கிகள் தாமதித்தன. 2023 ஆகஸ்டில் மத்திய வங்கியே கடன் வட்டியைக் குறைக்கும்படி உத்தரவு போட வேண்டி வந்தது. ஏற்றத்தை உடனே சேர்த்தவர்கள், இறக்கத்தை ஒவ்வொரு வீட்டுக் கடனுக்கும் எந்த மாதத்தில் கொடுத்தார்கள் என்று வங்கி வாரியாகக் கேளுங்கள். அரச வங்கிகளை, அரச நிறுவனங்களின் கணக்கை ஆராயும் பாராளுமன்றக் குழுவான கோப் குழுவும் கேட்கலாம்.

இனி எங்கள் மண்ணுக்கே உரிய விடயம் ஒன்று. யாழ்ப்பாணத்தில் வீடு பெரும்பாலும் பெண்ணின் பெயரில் இருக்கும், சீதன உறுதியாய் வந்தது. கணவரோ மகனோ தொழிலுக்குக் கடன் எடுக்கும்போது ஈட்டுக்குப் போவது அவளுடைய வீடு. கடன் எடுக்காத ஒருவர் ஈடு வைத்த ஆதனத்தைப் பராட்டே முறையில் விற்க முடியாது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் சொன்னது. இப்போது எனக்கு வாசிக்கக் கிடைக்கும் கடிதங்களில் மனைவியின் பெயர் கூட்டுக் கடனாளி என்று வருகிறது. கடனில் ஒரு சதமும் கையில் வாங்காதவள் எப்படிக் கடனாளியானாள், அப்படிக் கையெழுத்து வைத்தால் அந்தத் தீர்ப்பின் பாதுகாப்பு தனக்குக் கிடைக்காமல் போகலாம் என்று யார் அவளுக்குச் சொன்னார்கள் என்று வங்கிகளிடம் கேட்க வேண்டும். எங்கள் பழைய வழக்கச் சட்டமான தேசவழமையின் ஒற்றி முறையில்கூட, கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியை அனுபவிப்பார், சொந்தக்காரருக்கு மீட்கும் உரிமை கையில் இருக்கும்.

ஏல அறிவித்தல் பத்திரிகையில் வரும் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். காணியின் பெயர், இத்தனை பரப்பு இத்தனை குழி, வடக்கு எல்லை ஒழுங்கை, கிழக்கு எல்லை இன்னார், வீடு, கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் என்று உறுதியில் உள்ளது முழுவதும் அச்சாகிவிடும். கொழும்பில் அது வெறும் விளம்பரமாக இருக்கலாம். இங்கே வாசித்த மறுகணமே யாருடைய வளவு என்று ஊருக்கே தெரிந்துவிடும். அந்த வீட்டுப் பெண்கள் கோயிலுக்கும் வராமல் விடுகிறார்கள். அயலவர்களும் ஏலத்தில் கேட்க மாட்டார்கள், அந்தப் பழி வேண்டாம் என்று ஒதுங்குவார்கள். ஆளில்லாத ஏலத்தில் வீடு என்ன விலைக்குப் போகும்? வங்கியே வாங்கிய வீடுகள் எத்தனை, என்ன விலைக்கு, மதிப்பீட்டாளர் சொன்ன விலை என்ன, பிறகு யாருக்கு என்ன விலைக்கு விற்றார்கள்? இந்தக் கணக்கை மாவட்ட வாரியாகச் சபையில் வைக்கச் சொல்லுங்கள்.

2024இல் பராட்டே விற்பனைகளைக் கொஞ்சக் காலம் நிறுத்தினீர்கள். முதலில் டிசம்பர் 15 வரை, பிறகு 2025 மார்ச் 31 வரை. மூச்சுவிட நேரம் கிடைத்தது, நன்றி. ஆனால் அந்த மாதங்களிலும் கட்டாத கடனுக்கு வட்டி சேர்ந்துகொண்டுதான் இருந்தது. 2011 திருத்தத்தில் 50 இலட்சத்துக்குக் குறைந்த முதலுள்ள கடன்களுக்குப் பராட்டே கூடாது என்று வைத்தீர்கள். நல்ல ஏற்பாடு. 2011இன் 50 இலட்சத்தை இன்றைய கட்டடச் செலவோடு சேர்த்துப் பார்த்து அந்த வரம்பை மதிப்பிடுங்கள்.

வங்கிகளைப் பாராளுமன்றக் குழு விசாரித்தால் என்ன ஆகிவிடும் என்று சிலர் கேட்கலாம். அயர்லாந்தில் என்ன ஆனது என்று சொல்கிறேன். ஐரோப்பிய மத்திய வங்கியின் வீதத்தோடு கட்டிய குறைந்த வட்டி வீட்டுக் கடன்களை வங்கிகள் தங்கள் வாடிக்கையாளர்களுக்குத் தப்பாக மறுத்திருந்தன. அந்நாட்டு மத்திய வங்கி 2015 டிசம்பரில் பரிசோதனை தொடங்கியும் வங்கிகள் இழுத்தடித்தன. 2017 ஒக்டோபரில் பாதிக்கப்பட்டவர்கள் பாராளுமன்ற நிதிக் குழுவின் முன் வந்து தங்கள் வாயாலேயே நடந்ததைச் சொன்னார்கள். நாடே அதைக் கேட்டது. நிதி அமைச்சர் வங்கித் தலைவர்களைக் கூப்பிட்டார். 2019 அறிக்கையின்படி பாதிக்கப்பட்டவர்கள் 40,000க்கு மேல், பறிபோன குடியிருந்த வீடுகள் 99, அதுவரை வங்கிகள் திருப்பிக் கொடுத்ததும் நட்டஈடும் 683 மில்லியன் யூரோ. அதற்கு முன் அந்த மக்களில் பலர் தங்கள் கணக்கில் மட்டும்தான் பிழை என்று நினைத்திருக்கக்கூடும். எங்கள் சனமும் இன்று அப்படித்தான் நினைத்துக்கொண்டு, வெட்கத்தில் வாய் திறக்காமல் இருக்கிறது.

அமர்வை யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் வைக்கலாம். திகதியைத் தமிழ்ப் பத்திரிகைகளில் முன்கூட்டியே அறிவியுங்கள். வங்கிகளின் பிராந்திய முகாமையாளர்களும் வந்து தங்கள் பக்கத்தைச் சொல்லட்டும், அவர்களுக்கும் மேலிடத்து நெருக்கடி இருக்கும். சாட்சி சொல்ல வருபவர்களின் பெயரும் காணி விபரமும் வெளியே போகாது என்று எழுத்தில் உறுதி தாருங்கள். அந்த உறுதி கிடைத்தால் கடிதக் கட்டுகளோடு வர ஆட்கள் இருக்கிறார்கள். ஆங்கிலக் கடிதங்களைக் குழுவுக்கு வாசித்து விளக்க நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்
யாழ்ப்பாணம்