மாத்திரைச் சீட்டில் இன்னும் ஒரு வரி

மதிப்பிற்குரிய இதயநோய்ப் பிரிவு மருத்துவர்களுக்கு, வணக்கம்.

இதயத்துடிப்பை ஒழுங்குபடுத்தும் அமியோடரோன் மாத்திரை பற்றி உங்களுக்குப் பாடம் நடத்த நான் வரவில்லை. 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. மனிதருக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம்தான். மிஞ்சும் அயோடின் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியைக் குலைக்கலாம். நீங்கள் படித்துத் தேறிய சேதி. எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது.

அந்த மாத்திரையைச் சாப்பிட்டுவந்த என் அப்பா சித்திரை வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மின்விசிறியைப் போட்டால் சண்டை. செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படிக்கிறவர், முதல் பக்கத்திலேயே தூங்கி விழுந்தார். முகம் உப்பியது, குரல் கட்டியது. வயதாகிறதல்லவா என்றார்கள் உறவினர்கள், நாங்களும் நம்பினோம். சோம்பேறி என்று அம்மா திட்டினாள். இப்போது அந்தப் பேச்சை எடுத்தாலே அடுக்களைக்குள் போய்விடுகிறாள்.

அப்பா இப்படி இருந்த பதினான்கு மாதங்களில் ஐந்து முறை உங்களிடம் வந்தோம். ஐந்து முறையும் இ.சி.ஜி. எடுத்தீர்கள், 'அதையே தொடருங்கள்' என்றீர்கள். நாடி மெதுவானதைக்கூட மருந்தின் குணம் என்றே நினைத்துக்கொண்டோம். கடைசியில் காய்ச்சலுக்குப் போன இடத்தில், எங்கள் தெருமுனை மருத்துவர் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தைராய்டு பார்த்தீர்களா?" பார்த்தோம். சுரப்பு குறைந்திருந்தது.

நான் கேட்பது ஒன்றுதான். இந்த மாத்திரையைத் தொடங்கும் முன் தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை ஒன்று, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று என்று சீட்டிலேயே எழுதிக்கொடுங்கள். சிலருக்குத் தைராய்டு எதிர்த்திசையில் மிகையாகி, அடங்கிய படபடப்பே திரும்பி வருமாமே. மருந்தை நிறுத்தினாலும் உடம்பை விட்டுப் போக மாதக்கணக்கில் ஆகும் என்பதால், நிறுத்திய பிறகும் சில காலம் பார்க்க வேண்டும். அதையும் எழுதுங்கள்.

உலக இதய நாளன்று வாசலில் சிவப்பு பலூன் கட்ட உங்களிடம் ஆள் இருக்கிறது. முழு உடல் பரிசோதனைக்குச் சலுகை விலைப் பலகை, ஆளுயரத்துக்கு. வண்டி நிறுத்த டோக்கன், செருப்பு விட டோக்கன். சீட்டில் ஒரு வரிக்குத்தான் இடமில்லை.

மன்னிக்கவும். மாத்திரையைக் குறை சொல்லவில்லை. அப்பாவின் துடிப்பை ஒழுங்குக்குக் கொண்டுவந்தது அதுதான். இன்றும் அதைத்தான் சாப்பிடுகிறார், விடிகாலையில் தைராய்டுக் குறையை ஈடுகட்டும் தைராக்சினோடு சேர்த்து. செய்தித்தாளில் மூன்றாம் பக்கம் வரை வந்திருக்கிறார்.

உங்கள் கூடத்தில் அதே மாத்திரைச் சீட்டோடு இன்னும் பலர் காத்திருப்பார்கள். அருள்கூர்ந்து அவர்கள் சீட்டில் அந்த ஒரு வரியை எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளி ஒருவரின் மகன்